இரட்சிப்பை இழக்க முடியுமா? ஒரே சண்டைக்குள் சிக்கியிருக்கும் மூன்று கேள்விகள்

சிங்கப்பூர்த் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் ஒரே வாரத்துக்குள் நேரெதிரான இரண்டு போதனைகள் காதில் விழுவது இன்று சாதாரணம். ஞாயிறு காலை தமிழ் ஆராதனையில் போதகர், “தன்னை நிற்கிறவனென்று எண்ணுகிறவன் விழாதபடிக்கு எச்சரிக்கையாயிருக்கக்கடவன்” என்ற வசனத்தை எடுத்துப் பேசுகிறார். ஆங்கிலச் சபைக்குப் போகும் மகளோ, ஒருமுறை இரட்சிக்கப்பட்டால் அது போகவே போகாது என்று தன் சபையில் கேட்டு வந்ததைச் சொல்கிறாள். இரவு வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு காணொளியை அனுப்புகிறார்கள். அதில் பேசுகிறவர், உலகத் தோற்றத்துக்கு முன்னரே தேவன் யாரைத் தெரிந்துகொண்டாரோ அவர்களே வருவார்கள், மற்றவர்கள் வரவே முடியாது என்கிறார். குழுவில் வாக்குவாதம் மூள்கிறது. வயதானவர் ஒருவர், “அப்படியென்றால் நான் ஜெபிப்பது எதற்கு?” என்று கேட்டுவிட்டு மௌனமாகிவிடுகிறார்.

அந்தக் கேள்வி நேர்மையான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல, மூன்று தனித்தனிக் கேள்விகள் ஒரே பெயரில் பேசப்படுவதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் சில சொற்கள்

முன்குறித்தல் என்பது, ஒருவர் இரட்சிக்கப்படுவதைத் தேவன் முன்கூட்டியே தீர்மானித்தார் என்னும் போதனை. ரோமர் 8:29-30, எபேசியர் 1:4-5 ஆகியவை அதன் அடிப்படை வசனங்கள். சுயசித்தம் என்பது தேவனின் அழைப்பை ஏற்கவோ மறுக்கவோ மனிதனுக்குள்ள ஆற்றலைக் குறிக்கும். நித்திய பாதுகாப்பு என்பது, மெய்யாக இரட்சிக்கப்பட்டவர் அந்த இரட்சிப்பை ஒருபோதும் இழப்பதில்லை என்ற நம்பிக்கை.

இன்னும் இரண்டு சொற்கள் அடிக்கடி குழப்பப்படுகின்றன. பின்வாங்குதல் என்பது விசுவாசத்தில் சோர்ந்து பாவத்துக்குள் வழுக்குவது. விசுவாச துரோகம் என்பது கிறிஸ்துவையே வேண்டாம் என்று துறப்பது. மறுதலித்துப்போனவர்களைப் பற்றிக் கடுமையாக எச்சரிக்கும் எபிரெயர் 6ஐ, பல மாதம் ஆலயத்துக்கு வராத ஒருவருக்குப் பொருத்தி வாசிப்பவர்கள் முதலாவதை இரண்டாவதாக எண்ணிவிடுகிறார்கள்.

மூன்று கேள்விகள்

1. தொடங்குவது யார்? பாவத்தில் இருக்கும் மனிதன் தானாகவே தேவனிடம் திரும்ப முடியுமா, அல்லது கிருபை முதலில் அவனைத் தொட வேண்டுமா?

2. தேவனின் தெரிவு எதை வைத்து? இன்னார் விசுவாசிப்பார் என்று முன்னறிந்து தெரிந்துகொண்டாரா, அல்லது மனிதனிடம் எதையும் பார்க்காமல் தம் சித்தத்தின்படியே தெரிந்துகொண்டாரா?

3. ஒருமுறை பெற்றதை இழக்க முடியுமா?

முதல் கேள்வியில் மரபான சபைகளுக்குள் பெரிய சண்டை இல்லை. மனிதன் கிருபையின் உதவி இல்லாமலே நன்மையைத் தேர்ந்துகொள்ள முடியும் என்று போதித்த பெலாகியுவின் கருத்தை 418இல் ஆயர்கள் கூடிய கார்த்தேஜ் சங்கம் நிராகரித்தது. 529இல் கூடிய ஆரஞ்சு சங்கம், விசுவாசத்தின் தொடக்கமே கிருபையால்தான் என்றது. கத்தோலிக்கர், லூத்தரன், 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி ஜான் கால்வினின் வழியினர், ஜான் வெஸ்லியின் வழிவந்த மெதடிஸ்ட் எல்லாரும் இதில் ஒரே பக்கம். மனிதனின் பதிலுக்கு இடம் தரும் யாக்கோபஸ் அர்மீனியஸ் என்ற இறையியலாளரின் வழியினரை அர்மீனியர்கள் என்பார்கள்; வெஸ்லியும் அந்தப் பக்கமே. “அர்மீனியர்கள் மனிதனே தன்னை இரட்சித்துக்கொள்கிறான் என்கிறார்கள்” என்று காணொளிகளில் வரும் குற்றச்சாட்டு அதனால் உண்மைக்குப் புறம்பானது. ஜான் வெஸ்லி போதித்த ‘முந்திச்செல்லும் கிருபை’ இதே நிலைப்பாடுதான்: கிருபை எல்லாரையும் முதலில் தொட்டு, பதில் சொல்லும் திறனைத் திரும்பக் கொடுக்கிறது. அதற்குப் பிறகே மனிதன் ஆம் என்கிறான் அல்லது இல்லை என்கிறான்.

சண்டை இரண்டாவதிலும் மூன்றாவதிலும்தான். ஒன்றில் இந்தப் பக்கம் நிற்பவர் மற்றொன்றிலும் அதே பக்கம் நின்றாக வேண்டும் என்பதில்லை. வாட்ஸ்அப் வாக்குவாதங்கள் தவறவிடுவது இதைத்தான்.

அகஸ்டின் (354-430) முன்குறித்தலை அழுத்தமாகப் போதித்தவர். ஆனால் ஞானஸ்நானம் பெற்று மறுபிறப்படைந்த சிலர் இறுதிவரை நிலைக்கும் வரத்தைப் பெறாமல் விழுந்துபோகலாம் என்றும், அந்த வரம் தமக்கு உண்டா என்று இந்த வாழ்வில் யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் எழுதினார். லூத்தரன்களும் ஏறக்குறைய அப்படியே: இரட்சிப்புக்கென்று முன்குறித்தல் உண்டு, மனித சித்தம் கட்டுண்டது, ஆனாலும் விசுவாசத்தை இழக்க முடியும். லூத்தரன்களின் கொள்கை அறிக்கையான 1530இன் ஆக்ஸ்பர்க் அறிக்கை, ஒருமுறை நீதிமானாக்கப்பட்டவர் பரிசுத்த ஆவியை இழக்க முடியாது என்பவர்களைப் பெயர் சொல்லிக் கண்டிக்கிறது. பாப்டிஸ்ட் சபைகளில் பலர் இதற்குத் தலைகீழ்: உள்ளே வருவது அவரவர் சுதந்திரமான முடிவு, வந்தபின் வெளியே போக முடியாது.

கால்வின் வழியினர் இரண்டிலும் “தேவனே” என்கிறார்கள். வெஸ்லி வழியினர் இரண்டிலும் மனிதனின் பதிலுக்கு இடம் விடுகிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபை, சாவான பாவத்தால் (அறிந்தே செய்யும் கனமான பாவத்தால்) அருள் இழக்கப்படும், குருவிடம் பாவ அறிக்கை செய்து மன்னிப்புப் பெறும் ஒப்புரவு அருட்சாதனத்தால் மீண்டும் பெறப்படும் என்கிறது. சிறப்பு வெளிப்பாடு இல்லாமல் தன் இறுதி நிலைபேற்றை ஒருவர் முழு நிச்சயமாக அறிய முடியாது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் திரிதெந்தின் சங்கம் 1547இல் வரையறுத்தது.

இது தலையெழுத்து அல்ல

முன்குறித்தல் என்றதும் தமிழ் மனம் உடனே ஊழையும் தலைவிதியையும் நினைத்துக்கொள்கிறது. ‘ஊழிற் பெருவலி யாவுள’ என்று படித்து வளர்ந்தவர்களுக்கு அது இயல்பு. ஆனால் இரண்டும் வேறு. ஊழ் என்பது செய்த வினையின் பயன் திரும்பி வருவது. அதற்குப் பின்னால் ஒருவருடைய அன்போ விருப்பமோ இருந்தாக வேண்டியதில்லை. கால்வின் சொன்ன முன்குறித்தல் வினையை அறவே ஒதுக்கிவிடுகிறது. ஒருவன் செய்ததை வைத்து அல்ல, கொடுப்பவரின் சித்தத்தை வைத்தே எல்லாம். விதி என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதற்கும் அதில் இடமில்லை. முடிவைத் தீர்மானித்தவர் அதற்கான வழியையும் தீர்மானித்தார், ஜெபமும் பிரசங்கமும் அந்த வழிகள் என்பதே கால்வின் வழியினரின் பதில். அந்த முதியவர் கேட்ட கேள்விக்கு அவர்கள் தருவதும் இதுதான்.

ஊழைவிட நெருக்கமான ஓர் ஒப்புமை தமிழ் வைணவத்துக்குள் இருக்கிறது. வேதாந்த தேசிகர் வழிவந்த வடகலையாரும் பிள்ளை உலகாசிரியர் வழிவந்த தென்கலையாரும் அருளுக்கும் முயற்சிக்கும் உள்ள உறவைப் பற்றி நூற்றாண்டுகளாக வாதிட்டார்கள். குரங்குக்குட்டி தாயின் வயிற்றைத் தானே பற்றிக்கொள்ள வேண்டும். தாய் தூக்கிக்கொண்டு ஓடும், ஆனால் குட்டியின் பிடி தேவை. பூனைக்குட்டி ஒன்றும் செய்வதில்லை. தாய் வாயில் கவ்வித் தூக்கிச் செல்கிறது. முன்னது வடகலை, பின்னது தென்கலை என்பார்கள். இரண்டிலும் சுமப்பது தாய்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். கிறிஸ்தவ விவாதத்திலும் கிருபை வேண்டுமா வேண்டாமா என்பது பிரச்சினை அல்ல. கிருபையைப் பிடித்திருக்கும் கைக்கு என்ன இடம் என்பதே பிரச்சினை.

டார்ட்டில் உண்மையில் நடந்தது

இன்று ‘கால்வினியம், அர்மீனியம்’ என்று இரண்டு கட்சிகளாகப் பேசப்படுவது நெதர்லாந்தில் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவானது. இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்பது நல்லது. இரு தரப்பைப் பற்றியும் இன்று பரவியிருக்கும் தவறான பிம்பங்கள் இங்கேதான் உடைகின்றன.

யாக்கோபஸ் அர்மீனியஸ் லெய்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1609இல் இறந்தார். மெய்யான விசுவாசி முற்றிலும் விழுந்துபோக முடியும் என்று தாம் ஒருபோதும் போதித்ததில்லை என்று அவர் எழுதினார். அப்படித் தோன்றச் செய்யும் வேத பகுதிகள் உண்டு என்பதையும் அவர் மறைக்கவில்லை. அடுத்த ஆண்டு அவருடைய ஆதரவாளர்கள் ஐந்து கூறுகளில் ஒரு விண்ணப்பம் கொடுத்தார்கள். அதன் ஐந்தாவது கூறு, விசுவாசி கிருபையை இழக்க முடியுமா என்பதைத் திருமறையிலிருந்து இன்னும் கவனமாக ஆராய வேண்டும் என்று திறந்தே விட்டது. இழக்க முடியும் என்று அந்தக் கட்சி உறுதியாகச் சொன்னது பின்னால்தான்.

1618 நவம்பரில், சுருக்கமாக டார்ட் எனப்படும் டார்ட்ரெக்ட் நகரில், இந்த விவாதத்தைத் தீர்க்கச் சங்கம் கூடியது. அரசியலும் உள்ளே புகுந்திருந்தது. அர்மீனியத் தரப்பைக் காத்துவந்த அரசியல் தலைவர் ஓல்டன்பார்னஃபெல்ட், சங்கம் முடிந்த 1619 மே மாதத்திலேயே தலை வெட்டப்பட்டார். சட்ட அறிஞர் ஹ்யூகோ கிரோஷியஸுக்கு ஆயுள் தண்டனை. 1621இல் அவர் புத்தகப் பெட்டிக்குள் ஒளிந்து சிறையிலிருந்து தப்பினார். ஏறத்தாழ 200 போதகர்கள் பதவி இழந்தார்கள். இரட்சிப்பின் நிச்சயத்தைப் பற்றிய விவாதத்தில் இவ்வளவு கொடுமை நடந்ததை எந்தத் தரப்பும் பெருமையாகச் சொல்ல முடியாது.

ஆனால் சங்கம் எழுதிய தீர்மானங்களை நிதானமாகப் படித்தால் ஆச்சரியம் வரும். ஐந்தாவது தலைப்பு தாவீதையும் பேதுருவையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. தெரிந்துகொள்ளப்பட்டவர்களும் கொடிய பாவத்தில் விழலாம், ஆவியானவரைத் துக்கப்படுத்தலாம், மனச்சாட்சியைப் புண்ணாக்கலாம், தேவ தயவை உணர்வதைச் சில காலம் இழக்கவும் கூடும் என்கிறது. அப்படியே கெட்டுப்போகத் தேவன் விடுவதில்லை, மனந்திரும்புதலுக்குள் திரும்ப நடத்துவார் என்பதே அதன் போதனை. அதாவது டார்ட் சொன்னது ‘பரிசுத்தவான்களின் விடாநிலை’: தேவன் காக்கிறார், அதனால் அவர்கள் நிலைத்திருக்கிறார்கள். நிலைத்திராமல் போனாலும் பரவாயில்லை என்று அது எங்கும் சொல்லவில்லை.

‘ஒருமுறை இரட்சிக்கப்பட்டால் எப்போதும் இரட்சிக்கப்பட்டவர்’ என்ற இன்றைய வாசகம் இங்கேதான் டார்ட்டிலிருந்து பிரிகிறது. சிறுவயதில் ஒரு கூட்டத்தில் கைதூக்கி ஜெபம் சொன்னவர், பிறகு வாழ்நாள் முழுவதும் கிறிஸ்துவை எண்ணியே பாராவிட்டாலும் பாதுகாப்பாக இருக்கிறார் என்று அதற்குப் பொருள் கொடுத்தால், அதைக் கால்வினும் ஏற்கமாட்டார், வெஸ்லியும் ஏற்கமாட்டார். கால்வின் வழியினர் 1 யோவான் 2:19ஐக் காட்டி “அவர் தொடக்கத்திலேயே நம்முடையவராய் இருந்திருக்கவில்லை” என்பார்கள். வெஸ்லி வழியினர் “பெற்றதை விட்டுவிட்டார்” என்பார்கள். அவருடைய இன்றைய நிலையைப் பற்றிய கவலை இருவருக்கும் ஒன்றே.

தேவன் முன்னறிந்தால் நான் எப்படிச் சுதந்திரமானவன்?

அறிவது வேறு, நடக்கச் செய்வது வேறு. தேவன் காலத்துக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் ஒரே நிகழ்காலமாகக் காண்கிறார், காண்பதால் அது கட்டாயமாகிவிடுவதில்லை என்று 6ஆம் நூற்றாண்டில் தத்துவ அறிஞர் போயெத்தியஸ் விளக்கினார். எந்தச் சூழலில் யார் என்ன தேர்ந்துகொள்வார் என்பதையும் தேவன் அறிவார், அதன்படி உலகை நடத்துகிறார் என்பது 1588இல் இயேசு சபைக் குரு லூயிஸ் மோலினா முன்வைத்த வழி. மற்றொரு கத்தோலிக்கத் துறவற சபையான தோமினிக்கர் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். 1607இல் திருத்தந்தை ஐந்தாம் பவுல் எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்லாமல், ஒருவரையொருவர் கண்டனம் செய்யக் கூடாது என்று விவாதத்தை நிறுத்தினார்.

அடியில் இருப்பது ‘சுதந்திரம்’ என்பதற்கான இரண்டு விளக்கங்கள். வேறுவிதமாகவும் செய்திருக்க முடிந்தால்தான் அது சுதந்திரம் என்பது ஒன்று. யாரும் வற்புறுத்தாமல் தன் விருப்பப்படி செய்தால் அதுவே சுதந்திரம் என்பது மற்றொன்று. கால்வின் வழியினர் இரண்டாவதை எடுத்துக்கொள்கிறார்கள்: தேவன் மனிதனைக் கட்டி இழுப்பதில்லை, அவன் விருப்பத்தையே மாற்றுகிறார். அர்மீனியர்களின் மறுப்பு நியாயமானது: விருப்பத்தை மாற்றுவது அவர் கையில் என்றால், எல்லா மனுஷரும் இரட்சிக்கப்படச் சித்தமுள்ளவராயிருக்கிறார் என்ற 1 தீமோத்தேயு 2:4 என்ன ஆகும்? இந்த இடத்தில் கால்வின் வழியினரின் பதில்கள் எதுவும் எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. அதேபோல ரோமர் 9இல் தேவனைக் குயவனாகவும் மனிதனைக் களிமண்ணாகவும் காட்டும் பகுதிக்கு அர்மீனியர்கள் தரும் பதிலும் இழுத்துப் பொருத்தியது போலவே இருக்கிறது. பிலிப்பியர் 2:12-13இல் பவுல் “உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள்” என்றும், விருப்பத்தையும் செய்கையையும் தேவனே உண்டாக்குகிறார் என்றும் ஒரே மூச்சில் எழுதுகிறார். அவருக்கு அவை முரணாகத் தெரியவில்லை.

வாக்குத்தத்த அட்டையில் இல்லாத வசனம்

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் தமிழ்ச் சபைகளில் வாக்குத்தத்த வசன அட்டை கொடுப்பார்கள். தட்டிலிருந்து ஆளுக்கு ஒன்று எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் வாசித்து, பக்கத்திலிருப்பவரிடம் “உங்களுக்கு என்ன வசனம்?” என்று கேட்டு, பைபிளுக்குள் செருகி வைப்பது வழக்கம். அதில் யோவான் 10:28 வரும்: “ஒருவனும் அவைகளை என் கையிலிருந்து பறித்துக்கொள்வதுமில்லை.” எபிரெயர் 6:4-6 வராது. யோவான் 15:6இல் வெளியே எறியப்படும் கொடியும் வராது. வாக்குத்தத்தம் என்ற பெயரில் எச்சரிப்பு கொடுக்கக் கூடாது என்பது சரிதான். ஆனால் ஆண்டு முழுவதும் அட்டை வசனங்களையே வாசித்துவிட்டு, திடீரென ஒரு காணொளியில் எபிரெயர் 6ஐக் கேட்பவர் நிலைகுலைந்துபோகிறார்.

அந்தப் பகுதியை ஒவ்வொரு தரப்பும் எப்படிப் படிக்கிறது?

1. பிரகாசிப்பிக்கப்பட்டு, பரமஈவை ருசிபார்த்து, பரிசுத்த ஆவியைப் பெற்றவர்கள் மெய்யான விசுவாசிகளே. அவர்கள் மறுதலிக்க முடியும் என்பது வெஸ்லி வழியினரின் வாசிப்பு.
2. சபையின் நன்மைகளை அருகிலிருந்து ருசித்தும் மறுபிறப்படையாதவர்கள் இவர்கள் என்பது கால்வின் வழியினர் பலரின் வாசிப்பு.
3. எச்சரிப்பு உண்மையானது, அந்த எச்சரிப்பைக் கொண்டே தேவன் தம்முடையவர்களை விழாமல் காக்கிறார் என்பது மூன்றாவது வாசிப்பு.

சொற்களை அப்படியே எடுத்தால் முதல் வாசிப்பே வலுவானது என்பது என் கருத்து. எப்படிப் படித்தாலும் 9ஆம் வசனத்துக்கு முன் நிறுத்தக் கூடாது: “பிரியமானவர்களே, நாங்கள் இப்படிச் சொன்னாலும், நன்மையானவைகளும் இரட்சிப்புக்குரியவைகளுமான காரியங்கள் உங்களிடத்தில் உண்டாயிருக்கிறதென்று நம்பியிருக்கிறோம்.” இழந்துவிட்டேனோ என்று அஞ்சி அழுகிறவரை நோக்கி எழுதப்பட்ட பகுதி அல்ல இது. துறக்கத் துணிந்தவரை நோக்கியது.

சிங்கப்பூரில் யார் எங்கே நிற்கிறார்கள்

1885இல் இங்கே தொடங்கிய மெதடிஸ்ட் பணி இன்று மூன்று வருடாந்திர மாநாடுகளாக இயங்குகிறது. அவற்றில் ஒன்று இம்மானுவேல் தமிழ் மாநாடு; ஷார்ட் ஸ்திரீட் தமிழ் மெதடிஸ்ட் சபை அதைச் சேர்ந்தது. இந்தச் சபைகளின் கொள்கைக் கூறுகளுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1784இல் வெஸ்லி ஆங்கிலிக்கன் சபையின் 39 கூறுகளைச் சுருக்கி அமெரிக்காவுக்கு அனுப்பியபோது, முன்குறித்தலைப் பற்றிய 17ஆம் கூறை எடுத்துவிட்டார். அருளிலிருந்து விலகவும் முடியும், அருளால் மீண்டும் எழவும் முடியும் என்ற 16ஆம் கூறை வைத்துக்கொண்டார். ஆங்கிலிக்கன் சபையில் இரண்டும் இன்றும் உள்ளன. அதனால்தான் ஒரே ஆங்கிலிக்கன் சபைக்குள் இரு தரப்பினரும் இருக்க முடிகிறது. பிரஸ்பிட்டேரியன் சபைகளுக்கு 1646இல் எழுதி முடிக்கப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கை அடிப்படை. அதன் 17ஆம் அதிகாரம் விடாநிலையைப் போதிக்கிறது. அசெம்பிளீஸ் ஆஃப் காட் போன்ற பெந்தெகொஸ்தே சபைகள் நிபந்தனையற்ற பாதுகாப்பை ஏற்பதில்லை. ஓஃபிர் சாலை லூர்து அன்னை ஆலயத்துக்குப் போகும் தமிழ்க் கத்தோலிக்கர்கள் திரிதெந்தின் வழி.

நியூ கிரியேஷன் சபையின் மூத்த போதகர் ஜோசப் பிரின்ஸின் கிருபைப் போதனை இந்த விவாதத்துக்குச் சிங்கப்பூரிலிருந்தே உலக அளவில் புதுவேகம் கொடுத்தது. விசுவாசியின் கடந்த, நிகழ், வருங்காலப் பாவங்கள் எல்லாம் ஏற்கெனவே மன்னிக்கப்பட்டுவிட்டன, ஆகவே மன்னிப்புப் பெறுவதற்காகப் பாவ அறிக்கை செய்யத் தேவையில்லை என்பது அதன் மையம். விமர்சகர்கள் இதை ‘அதீத கிருபை’ என்கிறார்கள். மெய்யான கிருபை பாவத்துக்கு உரிமம் ஆகாது, பாவத்தை வெல்ல அதுவே பலம் என்பது அவர் பதில். குற்ற உணர்ச்சியில் நசுங்கிக் கிடந்தவர்கள் பலர் இந்தப் போதனையில் மூச்சு விட்டார்கள் என்பதை மறுக்க முடியாது. ஆனால் ஞாயிறுதோறும் சபையாகப் பாவ அறிக்கை சொல்லும் மரபில் வளர்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு, அந்த அறிக்கையே தேவையில்லை என்று பிள்ளைகள் சொல்வது பெரிய அதிர்ச்சி. இங்கே மோதுவது நித்திய பாதுகாப்பு மட்டுமல்ல. அன்றாட மனந்திரும்புதலுக்கு என்ன இடம் என்பதும் மோதுகிறது. இரண்டையும் தனித்தனியாகப் பேசினால் பெற்றோரும் பிள்ளைகளும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ள வழியுண்டு.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். 1948இல் தொடங்கிய டிரினிட்டி இறையியல் கல்லூரியை நிறுவியவை மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், ஆங்கிலிக்கன் சபைகள். டார்ட்டை ஏற்பவர்களும் வெஸ்லியை ஏற்பவர்களும் இங்கே ஒரே வகுப்பறையில் போதகர்களாகத் தயாராகிறார்கள்.

விலகிப்போன மகனைப் பற்றி

இந்த விவாதம் வீட்டுக்குள் வரும் வடிவம் பெரும்பாலும் இது: தேசிய சேவைக்குப் போன மகன் ஆலயத்துக்கு வருவதை நிறுத்திவிட்டான்; அம்மா கேட்கிறார், “அவன் இரட்சிப்பு போய்விட்டதா?”

1. கால்வின் வழிப் போதகர்: அவன் தேவனுடையவன் என்றால் தேவன் திரும்பக் கொண்டுவருவார். இன்னும் மறுபிறப்படையாதவன் என்றால் சுவிசேஷம் அவனுக்குத் தேவை. எதுவென்று நமக்குத் தெரியாது. ஆகவே ஜெபியுங்கள், பேசுங்கள்.
2. வெஸ்லி வழிப் போதகர்: வருவதை நிறுத்தியதாலேயே போய்விடவில்லை. விட்டுவிடும் ஆபத்து உண்மை. திரும்பும் வழியும் திறந்திருக்கிறது. ஜெபியுங்கள், பேசுங்கள்.
3. கத்தோலிக்கக் குரு: ஒப்புரவு அருட்சாதனத்துக்குக் கூட்டி வாருங்கள். அவன் வரும்வரை அவனுக்காக மன்றாடுங்கள்.

“சின்ன வயதில் ஜெபம் செய்தான் அல்லவா, கவலையை விடுங்கள்” என்று சொல்லும் ஆலோசனை இந்த மூன்றிலும் இல்லை. “அவன் தெரிந்துகொள்ளப்பட்டவன் அல்ல” என்று தீர்ப்புச் சொல்ல எந்தச் சபையின் கொள்கை அறிக்கையும் யாருக்கும் அதிகாரம் கொடுக்கவில்லை. அப்படி ஒரு தாயிடம் சொல்பவர், எந்தக் கட்சியின் பெயரில் சொன்னாலும், அந்தக் கட்சியின் போதனையைச் சொல்லவில்லை. வாட்ஸ்அப் குழுவில் அப்படி எழுதப்படும்போது அங்கேயே மறுத்து எழுத வேண்டும்.